செருப்பைக் கழற்றிவிட்டு...

டைல்ஸ் கடைக்குக் கிளம்புகிறீர்களா? அளவு எழுதிய சீட்டு, பணம் எல்லாம் எடுத்தாயிற்றா? கூடவே ஒரு பாட்டில் தண்ணீரும் எடுத்துக்கொள்ளுங்கள். சிரிக்காதீர்கள். இந்த யோசனைக்கு எங்கள் வீட்டில் கொடுத்த விலை, அம்மாவின் இடுப்பெலும்பு.

வடவள்ளியில் வீடு கட்டியபோது சமையலறைத் தரையைத் தேர்ந்தெடுத்தது நான். இரண்டுக்கு இரண்டு அடி, வெள்ளை வெளேர் விட்ரிஃபைடு டைல்ஸ். குனிந்தால் முகம் தெரியும். கடையில் ஷூ காலோடு நின்று பார்த்துவிட்டு அட்வான்ஸ் கொடுத்துவிட்டேன். அம்மாதான் இழுத்தார். "ஏஞ்சாமி, கண்ணாடியாட்டம் இருக்குது. தண்ணி சிந்துனா கால் நிக்குமா?"

"அதெல்லாம் நிக்கும், நீ சும்மா இரும்மா!" என்றேன்.

அந்த அடுப்படியில் நான் நிற்பது, காபி கேட்கிற அரை நிமிஷம். அம்மா நிற்பது நாளைக்கு ஆறு மணி நேரம், வெறுங்காலில். ஒரு தீவாளிக்கு முதல் நாள், முறுக்கு சுடும்போது சிந்திய எண்ணெய் அந்த வெள்ளையில் கண்ணுக்குத் தெரியவில்லை. ஆபரேஷன், மூன்று மாதம் வாக்கர். அம்மா ஒரு வார்த்தை சொல்லிக் காட்டவில்லை. அதுதான் இன்னும் உறுத்துகிறது.

இந்த வருஷம் தரையை மாற்றுவது என்று முடிவெடுத்ததும் பாடம் படிக்க ஆரம்பித்தேன். முதலில் ஞாபகம் வந்தது, பொள்ளாச்சியில் அப்புச்சி வீட்டுக் காவித் தரை. சிமெண்டில் ரெட் ஆக்சைடு கலந்து, கரண்டியால் தேய்த்துத் தேய்த்து ஏற்றிய மினுமினுப்பு. விரிசல் விட்டால் ஒட்டுப்போட்ட இடம் தனியாகத் தெரியும். அந்தப் பக்குவம் தெரிந்த கொத்தனாரைத் தேடவும் வேண்டும்.

கடப்பாவும் கோட்டாவும் உழைக்கிற கற்கள். ஆனால் இரண்டும் சுண்ணாம்புக் கல் வகை. எலுமிச்சையோ புளித்தண்ணியோ சிந்தித் துடைக்காமல் விட்டால் மங்கிய தழும்பு விழும். மார்பிளுக்கும் அதே கதி. காரைக்குடிப் பக்கத்து ஆத்தங்குடிக் கல் சூளையில் வேகாதது. கண்ணாடித் தகட்டின் மேல் வண்ணத்தையும் சிமெண்டையும் வார்த்து, தண்ணீரில் ஊறப்போட்டு எடுப்பார்கள். கொள்ளை அழகு. ஆனால் மஞ்சளையும் எண்ணெயையும் குடித்துக்கொள்ளும். கிரானைட் உறுதிதான், பாலீஷ் போட்டால் பழையபடி கண்ணாடி!

விட்ரிஃபைடு மேல் பழி இல்லை. அது உறிஞ்சுகிற தண்ணீர் அதன் எடையில் 0.5 சதவிகிதத்தைத் தாண்டாது. கறை சுலபத்தில் இறங்காது. தப்பு, நான் ஆசைப்பட்ட பளபளப்பில். அதிலேயே மேட் ஃபினிஷ் உண்டு. ஆர்9, ஆர்10, ஆர்11... இதில் எது என்று கடையில் கேளுங்கள். ஜெர்மன்காரர்களின் கணக்கு அது. எண்ணெய் பூசிய சரிவில் ஆளை நடக்கவிட்டு, எத்தனை டிகிரி சாய்த்தால் சறுக்குகிறார் என்று பார்ப்பார்கள். எண் கூடினால் பிடிப்பு கூடும். சொரசொரப்பு ரொம்பக் கூடினால் மசாலா அழுக்கு உட்கார்ந்துகொள்ளும். வீட்டு அடுப்படிக்கு ஆர்10 போதும்.

ஒரே ஒரு சிக்கல். அந்தச் சோதனையை பூட்ஸ் போட்டுக்கொண்டு செய்கிறார்கள். நம் வீடுகளில் யார் பூட்ஸ் போட்டு தோசை சுடுகிறார்கள்? அதற்குத்தான் தண்ணீர் பாட்டில்.

போன வாரம் அம்மாவையும் கூட்டிக்கொண்டு கடைக்குப் போனேன். சாம்பிள் கற்களைத் தரையில் போட்டுத் தண்ணீர் தெளிக்கச் சொன்னேன். அம்மா செருப்பைக் கழற்றி, என் தோளைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொன்றாக ஏறி நின்றார். நாலாவது கல்லில் தோளை விட்டார்.

"இது நிக்குது கண்ணு."

சாம்பல் நிறக் கல். கடைப் பையன் தயங்கினான். "கொஞ்சம் டல்லா இருக்குங்களேம்மா..."

"இருந்துட்டுப் போவுது. நா என்ன, இதுல மொகமா பாக்கப் போறேன்?"

பில் போடச் சொன்னேன்.