சாவடிக்குப் பின்னால் ஒரு கதவு

மண் கறுப்பு. கோடையில் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கிறது. வெடிப்புக்குள் கையை விட்டால் முழங்கை வரை போகிறது. ஆட்டுக்குட்டி ஒன்று குனிந்து உள்ளே பார்க்கிறது. பிறகு தாண்டிக் குதிக்கிறது.

மழை பெய்தால் இதே மண் காலைப் பிடித்துக்கொள்கிறது. செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டுதான் நடக்க முடியும். வெடிப்புக்கும் சகதிக்கும் நடுவே கிடைக்கிற சில மாதங்களில் கம்பு, சோளம், பருத்தி, மிளகாய்.

இடைசெவல். கோவில்பட்டிக்குத் தெற்கே, திருநெல்வேலி போகிற வழியில் ஒரு கரிசல் ஊர்.

வேப்பமர நிழலில் நாலு பெரியவர்கள். ஒருவர் பேசுகிறார். மூன்று பேர் கேட்கிறார்கள். பேசுகிறவர் வெற்றிலைச் சாற்றைத் துப்ப எழுந்தால்தான் அடுத்தவருக்கு வாய் திறக்க வழி.

*

1922 செப்டம்பர். ஊரில் ஓர் ஆண்குழந்தை. பெயர் ராஜநாராயணன். முழுப்பெயரைச் சொல்ல ஒரு மூச்சு போதாது. பின்னால் அது இரண்டு எழுத்தாகச் சுருங்கிவிடுகிறது. கி.ரா.

1923 செப்டம்பர். அதே ஊரில் இன்னோர் ஆண்குழந்தை. பெயர் அழகிரிசாமி.

இரண்டு வீட்டிலும் வீட்டுப்பேச்சு தெலுங்கு. வாசல்படி இறங்கினால் தமிழ்.

அழகிரிசாமி படிக்கிறார். ராஜநாராயணன் எட்டாம் வகுப்பைத் தாண்டவில்லை. மழைக்குக்கூடப் பள்ளிக்கூடம் ஒதுங்காதவன் என்று ஊரில் ஒரு வசவு உண்டு. தான் ஒதுங்கியதாகவும், ஒதுங்கிய இடத்திலும் மழையைத்தான் பார்த்துக்கொண்டிருந்ததாகவும் பிற்காலத்தில் அவர் சொல்லிக்கொள்கிறார். கேட்கிறவர்கள் சிரிக்கிறார்கள். அவர் சிரிப்பதில்லை.

*

முதலில் ஆசை சங்கீதத்தில். விளாத்திகுளம் சுவாமிகள் பாடுகிறார். இளைஞர் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார். பாட்டுக்கு நெஞ்சு வேண்டும். நெஞ்சில் காசநோய்.

குற்றாலத்தில் ரசிகமணி டி.கே.சி. ஒரு பாட்டை எடுத்துச் சொல்கிறார். சொன்னதையே திரும்பவும் சொல்கிறார். இடைசெவல்காரருக்கு வேலை கேட்பது.

கம்யூனிஸ்ட் கட்சி. விவசாயிகள் சங்கம். சிறை. அங்கேயும் பேச்சு நிறையக் கிடைக்கிறது.

*

அழகிரிசாமி அரசாங்க வேலையை விட்டுவிட்டுச் சென்னைக்குப் போகிறார். பத்திரிகை வேலை. பிறகு இன்னும் தூரம் போகிறார். கோலாலம்பூர். ‘தமிழ் நேசன்’.

ராஜநாராயணன் ஊரிலேயே இருக்கிறார். 1954இல் கல்யாணம். மனைவி கணவதி. கணவருக்கு உடம்பு ஒத்துழைக்காத நாட்களில் காட்டைப் பார்த்துக்கொள்கிற கை அந்த அம்மாளுடையது. காடு என்றால் இங்கே மரம் இல்லை. பருத்தி நிற்கிற நிலம்.

தபால்காரர் சைக்கிளைச் சுவரில் சாய்க்கிறார். பையில் கை விடுகிறார். வெளிநாட்டு முத்திரை குத்திய கடிதம். எழுதியவர் அழகிரிசாமி. படித்தவர் அதைக் கிழித்துப் போடுவதில்லை. பத்திரமாக வைக்கிறார். வருஷங்கள் கழித்து அந்தக் கடிதங்கள் ஒரு புத்தகமாகின்றன.

ஊரில் அதற்குப் பெயர் கடிதம் இல்லை. கடுதாசி.

*

1950களின் கடைசி. ‘சரஸ்வதி’ இதழில் ராஜநாராயணனின் ‘மாயமான்’. கிணறு வெட்டப் புறப்பட்ட ஒரு சம்சாரியின் கதை. எழுதியவருக்கு வயது முப்பத்தைந்தைத் தாண்டிவிட்டது.

சம்சாரி என்றால் இந்த ஊரில் பெண்டாட்டி பிள்ளை உள்ளவன் என்பதோடு முடிவதில்லை. விவசாயி. சென்னையில் படிக்கிறவர்களுக்கு ஒரு நிமிஷம் ஆகிறது.

வேப்பமர நிழலில் உள்ள நாலு பேருக்கு ஒரு நிமிஷமும் ஆகாது. அவர்களிடம் ‘சரஸ்வதி’ இல்லை.

*

அடுத்து இன்னொரு கதை. ‘கதவு’.

வீட்டில் அப்பா இல்லை. பிழைப்புத் தேடி வெளியூர் போயிருக்கிறார். அம்மா கூலி வேலைக்குப் போயிருக்கிறாள். பிள்ளைகள் வாசல் கதவில் தொற்றிக்கொண்டு முன்னும் பின்னும் ஆட்டுகிறார்கள். கதவு அவர்களுக்குப் பஸ். ஊர் ஊராகப் போகிறது. பெண்குழந்தை ஒரு தீப்பெட்டிப் படத்தைக் கொண்டுவந்து கதவில் ஒட்டுகிறாள். தீப்பெட்டிக்குப் பேர்போன கோவில்பட்டி பக்கத்தில்தான் இருக்கிறது.

தீர்வை பாக்கி. தலையாரி வருகிறார். கூட ஆட்கள். கதவைக் கழற்றித் தூக்கிக்கொண்டு போகிறார்கள். அன்றைக்கும் ஒரு விளையாட்டு என்றுதான் பிள்ளைகள் முதலில் நினைக்கிறார்கள்.

பனிக்காற்று. தடுக்க எதுவும் இல்லை. கைக்குழந்தைக்கு உடம்பு சரியில்லாமல் போகிறது. பிறகு அந்தக் குழந்தை இல்லை.

கடைசியில் சாவடிக்குப் பின்னால் அந்தக் கதவு சாய்ந்து கிடக்கிறது. மேலே கரையான். பெண்குழந்தை அதைத் தொடுகிறாள். கட்டிக்கொள்கிறாள்.

கதையில் யாரும் அரசாங்கத்தைத் திட்டுவதில்லை.

*

விடிகிறது. ஊருக்கு வெளியே ஆட்டுக்கிடை. ஆள் கம்பை ஊன்றி நின்று எண்ணுகிறார். ஓர் ஆடு எண்ணிக்கைக்குள் வர மறுக்கிறது. மறுபடியும் ஒன்றிலிருந்து.

‘கிடை’ ஒரு குறுநாவல். இப்படிப்பட்ட ஆட்களும் ஆடுகளும் நடமாடுவது. 2003இல் அம்ஷன் குமார் அதை ‘ஒருத்தி’ என்று படமாக எடுக்கிறார்.

ஆட்டின் முதுகில் கருங்குருவி ஒன்று. அதற்கு டிக்கெட் தேவையில்லை.

*

1970. அழகிரிசாமி சென்னையில் இறக்கிறார். வயது நாற்பத்தாறு. அந்த ஆண்டின் சாகித்ய அகாதெமி விருது அவருடைய ‘அன்பளிப்பு’க்கு. வாங்கிக்கொள்ள அவர் இல்லை.

இடைசெவலுக்கு வரவேண்டிய கடுதாசிகளில் ஒரு கையெழுத்து குறைகிறது.

*

1976. கி.ரா.வின் நாவல் ‘கோபல்ல கிராமம்’.

ஒரு கூட்டம் தெலுங்கு நாட்டிலிருந்து தெற்கே ஓடிவருகிறது. பின்னால் துரத்துகிறவர்கள். நடுவில் ஆறு. கரையில் நிற்கிற மரம் வளைந்து கொடுக்கிறது. அதன் மேலே ஏறி அக்கரை சேர்கிறார்கள். பிறகு காட்டுக்குத் தீ வைத்து நிலமாக்குகிறார்கள். இதையெல்லாம் சொல்கிறவள் நூறு வயதைத் தாண்டிய பாட்டி.

மரம் எப்படி வளையும் என்று பாட்டியிடம் யாரும் கேட்பதில்லை. அடுத்து என்ன ஆச்சு என்றுதான் கேட்கிறார்கள்.

*

1982. ஓர் அகராதி. கரிசல் வட்டார வழக்குச் சொற்கள்.

மாட்டுக்கு ஒரு சொல். மாடு நிற்கிற விதத்துக்கு இன்னொரு சொல். மழைக்கு ஒன்று. வருவேன் என்று சொல்லிவிட்டு வராத மழைக்கு வேறொன்று. ஊரில் இவையெல்லாம் வாயிலிருந்து காதுக்குப் போய்க்கொண்டிருந்தவை. இப்போது அகர வரிசையில் நிற்கின்றன.

களையெடுக்கிற பெண் நிமிர்கிறாள். இடுப்பில் கை வைக்கிறாள். மேலே பார்த்து ஒரு சொல் சொல்கிறாள். பக்கத்து நிரையில் சிரிப்பு. இந்தச் சொல் அகராதியில் இருக்கிறதா என்பது அவளுக்குக் கவலையில்லை.

*

கரிசலைப் போலவே சொந்தப் பேச்சுள்ள இன்னொரு நிலம். வடக்கே, வெகுதூரம், கர்நாடகத்தில். கௌதள்ளி. மாதேஸ்வரன் மலைக்குப் போகிற சாலை. 1956 வரை கொள்ளேகால் தாலுகா கோயம்புத்தூர் மாவட்டத்தில். அதற்குப் பிறகு மைசூர் மாவட்டம். 1997 முதல் சாமராஜநகர் மாவட்டம். சாலை நகரவில்லை.

கடையில் ஒருவர் தமிழில் டீ கேட்கிறார். கடைக்காரர் கன்னடத்தில் சில்லறை கேட்கிறார். டீ வருகிறது. சில்லறையும் வருகிறது.

சிவராத்திரி நெருங்குகிறது. தலைச்சுமையோடு பக்தர்கள் நடக்கிறார்கள். கம்சாளை ஒலிக்கிறது. ஒரு கையில் கிண்ணம் போன்ற வெண்கலம். இன்னொரு கையில் குஞ்சம் கட்டிய தட்டு. ஒருவர் மாதேஸ்வரன் கதையைப் பாடுகிறார். மற்றவர்கள் கூடச் சேர்ந்து இழுக்கிறார்கள். விடிய விடியப் பாடினாலும் தீராத கதை. எழுதியவர் யார் என்று யாரும் கேட்கவில்லை.

அதே நிலத்தின் மறுபக்கம் நஞ்சன்கூடு. அங்கே தேவனூர் மகாதேவ கன்னடத்தில் ‘குசுமபாலெ’ நாவலை எழுதுகிறார். மண்ணின் பேச்சு அப்படியே. கன்னடம் படித்தவர்களும் பக்கத்துக்குப் பக்கம் தடுக்கி நிற்கிறார்கள்.

சாகித்ய அகாதெமி 1990: கன்னடத்துக்கு ‘குசுமபாலெ’. 1991: தமிழுக்கு கி.ரா.வின் ‘கோபல்லபுரத்து மக்கள்’.

டெல்லிக்குக் கிராமத்துப் பேச்சு இரண்டு வருஷம் அடுத்தடுத்துப் போய்ச் சேருகிறது.

*

‘ஜூனியர் விகடன்’ இதழில் கி.ரா.வின் ‘கரிசல் காட்டுக் கடுதாசி’. இப்போது கடுதாசி என்றால் என்ன என்று சென்னையில் யாரும் கேட்பதில்லை.

கோவில்பட்டி பேருந்து நிலையம். இதழ் கடைக்கயிற்றில் தொங்குகிறது. பக்கத்தில் கடலை மிட்டாய். பையில் மிளகாய் வற்றல் விற்ற காசோடு ஒரு சம்சாரி வருகிறார். இரண்டையும் பார்க்கிறார். கடலை மிட்டாய் வாங்குகிறார்.

*

விருதுக்கு இரண்டு வருஷம் முன்னால், 1989. புதுவைப் பல்கலைக்கழகம். துணைவேந்தர் கி. வேங்கடசுப்பிரமணியன் அழைக்கிறார். பாடம், நாட்டார் வழக்காற்றியல். பேராசிரியர் எட்டாம் வகுப்பைத் தாண்டாதவர்.

அறுபத்தைந்தைத் தாண்டிய வயதில் சம்சாரி ஊரை விட்டுக் கிளம்புகிறார். கறுப்பு மண்ணிலிருந்து கடற்கரைக்கு.

மாணவர்களுக்கு வேலை கிராமங்களுக்குப் போய்க் கதை கேட்டு வருவது. டேப் ரெக்கார்டர் ஓடுகிறது. பாட்டி ஒருத்தி அதைச் சந்தேகமாகப் பார்க்கிறாள். ‘உம்’ கொட்ட ஆள் இல்லாமல் கதை நகர மாட்டேன் என்கிறது. மாணவர் ‘உம்’ கொட்டக் கற்றுக்கொள்கிறார். கதை நகர்கிறது.

இருட்டிய பிறகு சொல்கிற கதைகளும் வருகின்றன. அவற்றுக்குத் தனிப் புத்தகம். பெயர் ‘வயது வந்தவர்களுக்கு மட்டும்’. கிராமத்துத் திண்ணையில் அந்தப் பலகை தொங்கியதே இல்லை.

*

லாஸ்பேட்டை. அரசுக் குடியிருப்பு வீடு. வாசலில் செருப்புகள். இரண்டு ஜோடி சென்னையிலிருந்து. ஒரு ஜோடி மதுரையிலிருந்து. உள்ளே பெரியவர் பேசுகிறார். வந்தவர்கள் கேட்கிறார்கள்.

கேட்டுக்கொண்டே இருந்தவரின் முறை இப்போது பேசுவது.

கணவதி அம்மாள் சமையலறையிலிருந்து எட்டிப் பார்க்கிறார். தலைகளை எண்ணுகிறார். உள்ளே போகிறார். டம்ளர்கள் ஒலிக்கின்றன.

2019. அந்த டம்ளர்களின் ஒலி நிற்கிறது.

*

2021 மே 17. கி.ரா. இறக்கிறார். வயது 98. கொரோனாவின் இரண்டாவது அலை. சாலைகள் காலி. வாகனம் தெற்கே போகிறது.

இடைசெவல். முகக்கவசத்தோடு அதிகாரிகள். காவலர்கள் வரிசையாக நிற்கிறார்கள். அரசு மரியாதை. துப்பாக்கிகள் வானத்தைப் பார்க்கின்றன. சத்தத்துக்கு மரத்திலிருந்து காகங்கள் எழும்புகின்றன. ஒரு வட்டம் அடித்துவிட்டு அதே மரத்தில் உட்காருகின்றன.

தோண்டிப் போட்ட மண் ஓரமாகக் குவிந்திருக்கிறது. கறுப்பு. கொஞ்சம் ஈரம். திரும்பி நடக்கிறவர்களின் செருப்பில் ஒட்டிக்கொண்டு அதுவும் வருகிறது. சாலைக்கு வந்ததும் தரையில் தேய்க்கிறார்கள். முழுதும் போவதில்லை.

*

2022 டிசம்பர். கோவில்பட்டி. அரசு கட்டிய கி.ரா. நினைவரங்கம் திறக்கப்படுகிறது. சிலை. சுவரில் படங்கள்.

வாசலில் கதவு. நல்ல கதவு. காலையில் ஒருவர் பூட்டைத் திறக்கிறார். சாயங்காலம் பூட்டுகிறார்.

ஒரு நாள். பள்ளிப் பிள்ளைகள் வரிசையாக வருகிறார்கள். ஆசிரியை விரலை உதட்டில் வைக்கிறார். வரிசை உள்ளே போகிறது. கடைசியில் வந்த சிறுமி போகவில்லை. கதவைப் பிடிக்கிறாள். லேசாகத் தள்ளிப் பார்க்கிறாள். கதவு போகிறது. இழுக்கிறாள். கதவு வருகிறது. குதிகால் தரையிலிருந்து எழும்புகிறது.

உள்ளேயிருந்து பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார்கள்.

சிறுமி இறங்குகிறாள். உள்ளே ஓடுகிறாள். கதவு கொஞ்ச நேரம் ஆடிக்கொண்டே இருக்கிறது.