மழையும் மகளின் கேள்வியும்

வைகாசி பிறந்துவிட்டால் யட்டியாந்தோட்டையில் மழைக்குக் குறைவில்லை. தென்மேல் பருவக்காற்று மலைகளில் மோதி நாட்கணக்கில் நீரைச் சொரிகிறது. களனி கங்கை கலங்கிப் பெருகுகிறது. இறப்பர் மரம் நனைந்துவிட்டால் அன்று பால்வெட்டு இல்லை. பால்வெட்டு இல்லையேல் கூலியும் இல்லை. அத்தகைய மாலையொன்றில், விளக்கடியில் படித்துக்கொண்டிருந்த எம் மகள் புத்தகத்தை மூடிவைத்து எம்மை நோக்கினாள்.

“அப்பா, மழையைத் தருகிறவள் மாரியம்மன் என்றுதானே அப்பாயி சொல்கிறார்? அப்படியென்றால் மலையைச் சரித்து ஆட்களை மூடியது யார்?”

அவள் எதை நினைத்துக் கேட்டாள் என்பதை நாம் அறிவோம். 2016ஆம் ஆண்டு மே 17ஆம் நாள் அரநாயக்கவில் சாமசர மலை சரிந்து ஊர்களையே புதைத்தது. அந்நாட்களிலேயே எமக்கு அண்மையிலுள்ள புளத்கொஹுபிட்டிய, களுபஹன தோட்டத்திலும் லயன் வீடுகள் மண்ணுள் மறைந்தன. அதற்கு முன், 2014 ஒக்டோபர் 29இல், கொஸ்லந்தை மீரியபெத்தையிலும் அவ்வாறே நிகழ்ந்தது. அவ்வீடுகளிலும் அந்திப்பொழுதில் விளக்கேற்றிக் கும்பிட்டவர்களே வாழ்ந்தார்கள்.

இக்கேள்விக்கு எளிய விடைகள் இரண்டு உண்டு. ‘அவர்கள் செய்த பாவம்’ என்பது ஒன்று; அது இறந்தோர்க்கு இழைக்கும் அநீதி. ‘நமக்கு ஒன்றும் நேராது, சாமி பார்த்துக்கொள்ளும்’ என்பது மற்றொன்று. இதனை நாமே அவளிடம் பலமுறை கூறியிருக்கிறோம். அன்று அச்சொல் எம் நாவில் எழவில்லை. எம்மால் நிறைவேற்ற இயலாத வாக்கைத் தெய்வத்தின் பெயரால் கொடுத்துவந்தோம் என்பது அப்போதுதான் எமக்கு விளங்கிற்று.

“அம்மா, அவர்கள் ஏன் இறந்தார்கள் என்பதற்கு எம்மிடம் விடையில்லை. ஆனால் சரிவின் அடியில் மனிதரைக் குடியிருத்தியது அம்மன் அல்லள். அதற்கு மனிதரே பதில் சொல்ல வேண்டும்” என்றோம்.

“அப்படியானால் கும்பிடுவது எதற்கு?”

சுவரிலிருந்த நால்வர் படத்தைக் காட்டினோம். கல்லோடு பிணித்துக் கடலில் இடப்பட்டபோதும் இறைவனை மறவாதவர் திருநாவுக்கரசர். அவர் கைகள் கூப்பியிருக்கின்றன. தோளிலோ உழவாரம் சாய்ந்திருக்கிறது. நம்பினேன் என்று சொல்லி அவர் வாளாவிருக்கவில்லை. தள்ளாத வயதிலும் கோயில் முற்றத்துப் புல்லைச் செதுக்கினார். எம் தோட்டத்தில் கான் வெட்டும் மண்வெட்டியும் அவ்வுழவாரத்துக்கு உறவுதான். கான் அடைபட்டால் மழைநீர் மண்ணுள் இறங்குகிறது, மண் கனத்துப் பிடிப்பை இழக்கிறது, பின்பு சரிகிறது. நிலத்தில் வெடிப்பு, சாயும் மரம், திடீரெனக் கலங்கும் ஊற்று ஆகியவை மலை நமக்குத் தரும் எச்சரிக்கைகள். 24 மணித்தியாலத்தில் 75 மில்லிமீற்றரைத் தாண்டி மழை தொடர்ந்தால் விழித்திருக்க வேண்டும். 150ஐத் தாண்டினால் ஆபத்தான சரிவை விட்டு அகல வேண்டும் என்பது தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் அறிவுரை.

“பள்ளிக்கூடத்துக்குப் போய்த் தங்கினால் அம்மன் கோபிக்காதா?” என்றாள்.

“ஓட வேண்டிய நேரத்தில் ஓடுவதற்குக் காலும், அப்பாயியைத் தாங்கிச் செல்லக் கையும் தந்தவள் அவளே அன்றோ?” என்றோம்.

சிறிது நேரம் அவள் பேசவில்லை. பின்பு எழுந்து, பிறப்புச் சான்றிதழ்களையும் தன் கொப்பிகளையும் அப்பாயியின் மருந்தையும் ஒரு பையிலிட்டு வாசலருகே வைத்தாள். அதன் பிறகே படத்தின் முன் நின்று கைகூப்பினாள். என்ன வேண்டினாய் என்று கேட்டோம். “மேல் லயத்தில் இருப்பவர்களும் விழித்திருக்க வேண்டும் என்று” என்றாள்.

இறைநம்பிக்கையைப் பிள்ளைகளுக்குப் போதிப்பது பெற்றோர் கடன் என்பர். துன்பம் வராது என்னும் உறுதிமொழியாக அதனைப் போதித்தால், முதல் துன்பத்திலேயே அது உடைந்துவிடும். துன்பத்திலும் அறிவு கலங்காமல், அயலாரை மறவாமல் நிற்கும் துணிவாக அதனை ஊட்டினால், அது அவர்களோடு வளரும். அன்றிரவு மழை ஓயவில்லை. நாம் விழித்திருந்தோம், அவள் அமைதியாக உறங்கினாள்.