பப்பாசிக்கு வரும் கறுப்புப் பறவைகள்

நான் இங்கே போடும் படங்களைப் பார்த்துவிட்டு, "டீச்சர், காகத்தையெல்லாமா படம் எடுக்கிறது?" என்று சிலர் கேட்கிறீர்கள். அதில் பாதி காகமே இல்லை.

தெமட்டகொடையில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் இருப்பது ஒரு சின்ன முடுக்கும் மதிலும்தான். மதிலுக்கு மேலே ஒரு பழைய தட்டில் உம்மா பப்பாசித் துண்டு போட்டு வைப்பார். குசினி ஜன்னலுக்குள் நின்று நான் போனில் எடுப்பேன். சாம்பல் கழுத்து என்றால் நம்ம ஊர்க் காகம். நீலம் மினுங்கும் கறுப்பு, வெளிறிய பச்சைச் சொண்டு, இரத்தமாகச் சிவந்த கண் என்றால் ஆண் குயில். அண்டங்காகமும் முழுக்கக் கறுப்புத்தான், ஆனால் அதன் சொண்டும் கறுப்பு. உடம்பெல்லாம் வெள்ளைப் புள்ளி விழுந்த மண்ணிறப் பறவை ஒன்றும் வரும். அதைப் பருந்துக் குஞ்சு என்றார் பக்கத்து வீட்டு ஆன்ட்டி. சித்திரைக்கு முன்னால் "கொஹா" கூவ ஆரம்பித்ததும் முதலில் சொல்பவர் அவர்தான். அந்தக் கொஹாவின் ஜோடிதான் இது என்று படத்தைப் பெரிதாக்கிக் காட்டியும் நம்பவில்லை.

(ஆங்கிலப் புத்தகங்களில் 'பிளாக்பேர்ட்' என்று வருவது வேறு. செம்மஞ்சள் சொண்டு உள்ள அந்த இனம் நம் நாட்டில் மலைநாட்டில்தான் உண்டு. பத்தனையில் ஆசிரியர் பயிற்சியில் இருந்தபோது பார்த்திருக்கிறேன். கொழும்புக்கு அது இறங்கி வராது.)

போன வாரம் தரம் 4 பிள்ளைகளுக்குச் சுற்றாடல் பாடத்தில் இந்தப் படங்களைக் காட்டினேன். குயில் கூடு கட்டாது, காகத்தின் கூட்டில் முட்டையிடும், குயில் குஞ்சு காகக் குஞ்சுகளுக்கு முன்னாலேயே பொரித்துவிடும், காகம் தன் பிள்ளை என்றே ஊட்டும் என்று சொன்னேன். ஒரு பொடியன் எழும்பி, "அப்ப குயில் கூடாத உம்மா, என்ன டீச்சர்?" என்றான். எல்லாரும் சிரித்தார்கள்.

ஒரு பிள்ளை மட்டும் தலையைக் குனிந்துகொண்டாள். அவளுடைய உம்மா வெளிநாட்டில் வீட்டு வேலைக்குப் போய் மூன்று வருடம். உம்மும்மாதான் வளர்க்கிறார். எங்கள் பகுதியில் எந்த வகுப்பிலும் இப்படி இரண்டு மூன்று பேர் இருப்பார்கள், உங்களுக்கும் தெரியும்.

பாடத்தை அந்த இடத்தில் விட முடியுமா? பறவை பார்ப்பவர்கள் எழுதி வைத்த இன்னொன்றையும் சொன்னேன். பெண் குயில் சில நேரம் திரும்பி வந்து, காகத்தின் கூட்டில் இருக்கும் தன் குஞ்சுக்கே தீன் ஊட்டியதைக் கண்டிருக்கிறார்கள். ஆண் குயில் அப்படி ஊட்டியதாக நான் எங்கும் படிக்கவில்லை. (வாப்பாமார் கோபிக்க வேண்டாம்.) வகுப்பு அமைதியாகிவிட்டது.

இன்டர்வலில் அந்தப் பிள்ளை மேசைக்குப் பக்கத்தில் வந்து நின்றாள்.

"காக்காக் கூட்டில உம்மாக் குயில் ஊட்டுற போட்டோ இருக்கா டீச்சர்?"

என் போனில் குயில் பப்பாசி விழுங்கும் படம் இருக்கிறது. காகம் அதை விரட்டும் படம் எத்தனையோ இருக்கிறது. அவள் கேட்டது இல்லை. எங்கள் முடுக்கில் இருந்து பார்த்தால் ஒரு காகக்கூடும் தெரியாது.

ஃபிளாட்களில் மேல் மாடியில் இருக்கிறவர்கள், பேஸ்லைன் வீதிப் பக்கம் மரத்துக்கு நேரே ஜன்னல் இருக்கிறவர்கள் கொஞ்சம் பாருங்கள். ஓகஸ்ட் வரைக்கும் காலம் இருக்கிறது. காகக்கூட்டுக்குப் பக்கத்தில் புள்ளி போட்ட மண்ணிறப் பறவை வந்து உட்கார்ந்தால் கல்லெறிந்து கலைக்க வேண்டாம். கூட்டுக்குக் கிட்டப் போகவும் வேண்டாம், காகம் தலையில் கொத்தும். ஜன்னலுக்குள் இருந்தே எடுத்து எனக்கு அனுப்புங்கள். தெளிவில்லாவிட்டாலும் பரவாயில்லை.