காது கேட்காத வெள்ளை

புதுக்கோட்டை மாவட்டத்தில் நாட்டு நாய் வளர்ப்பவர்களைத் தேடிப் போனால் முதலில் காளைதான் கண்ணில் படும். தமிழ்நாட்டிலேயே வாடிவாசல்கள் மிகுந்த மாவட்டம். ஆண்டின் முதல் ஜல்லிக்கட்டு பெரும்பாலும் தச்சங்குறிச்சியில்தான். மாடு கட்டியிருக்கும் கொட்டகையில் ஒரு கன்னி நாயோ சிப்பிப்பாறை நாயோ படுத்திருப்பது இங்கே சகஜம். அன்னவாசல் பக்கம் நான் போன வீட்டிலும் அப்படித்தான். புளியமரத்தடியில் திமிலை ஆட்டிக்கொண்டு நின்ற காரிக்காளைக்குப் பக்கத்தில், வெயில் தாங்காமல் செம்மண்ணைப் பறித்துக் குழிக்குள் கிடந்தன மூன்று நாய்கள். “மாட்டுக்கிட்டப் போகாதீங்க தம்பி. நாயத் தொடலாம், ஒண்ணுஞ் செய்யாது” என்றபடி வந்தார் அந்த வீட்டு அண்ணன்.

அவருடைய தாத்தா செம்மறிக் கிடை போட்டவர். அறுவடை முடிந்த வயல்களில் கிடை ஊர் ஊராக மாறும். நரியும் திருடனும் அண்டாமல் பார்த்துக்கொள்ள நாய் வேண்டும். ஓய்ந்த நாட்களில் முயல் வேட்டை. இந்த இரண்டுக்கும் உதவாத நாய்க்கு அந்த வீட்டில் கூழ் கிடையாது. “அப்பல்லாம் யாரும் கலர் கேக்கல தம்பி. ஓடுதா, கூப்பிட்டா வருதா, ராத்திரி முழிச்சிருக்கா, அம்புட்டுத்தான். இதுல தேறாத நாய்க்கிட்ட குட்டி எடுக்க மாட்டாக” என்றார்.

தலைமுறை தலைமுறையாக நடந்த தேர்வுமுறை இவ்வளவுதான். மூச்சு வாங்கும் நாய் ஓட்டத்தில் பின்தங்கியது. காது மந்தமான நாய் காவலில் கோட்டைவிட்டது. மூட்டு பலமில்லாதது பாதி வழியில் உட்கார்ந்தது. பின்தங்கியது இணை சேரவில்லை. மரபணு என்ற சொல்லைக் கேள்விப்படாமலே மரபுக் குறைகளை வடிகட்டினார்கள். அதில் கருணை இருந்ததென்று சொல்லமாட்டேன். தேறாத நாயின் கதி பெரும்பாலும் தெருதான். ஆனாலும் வேலையே பரீட்சையாக இருந்தது.

திருவண்ணாமலை மாவட்டம் எடுத்தனூரில் கிடைத்த 7ஆம் நூற்றாண்டு நடுகல் ஒன்று இந்த இடத்தில் நினைவுக்கு வருகிறது. மகேந்திரவர்ம பல்லவன் காலத்தது. எருமைகளைக் காக்கும் சண்டையில் இறந்த வீரனோடு அவன் நாயையும் செதுக்கியிருக்கிறார்கள். நாயின் பெயர் கோவிவன். கள்ளர் இருவரைக் கடித்துக் காவல் நின்றது என்கிறது கல்வெட்டு. பெயர் இருக்கிறது, செய்த காரியம் இருக்கிறது. என்ன நிறம் என்று எழுத யாருக்கும் தோன்றவில்லை.

இப்போது முயல் வேட்டை, 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். நல்லதுதான், தைலமரக் காடு போக மிஞ்சிய புதர்களில் பிழைத்திருக்கும் முயலாவது இருக்கட்டும். கிடை போடுவதும் அருகிவிட்டது. வேலை போனதோடு பரீட்சையும் போயிற்று. அந்த இடத்தில் இப்போது கைபேசிப் படம் உட்கார்ந்திருக்கிறது.

நாட்டு நாய்களுக்கு நல்ல காலம் பிறந்திருக்கிறது என்பதும் உண்மை. 2005இல் ராஜபாளையம் நாய்க்கு அஞ்சல்தலை வந்தது. 2020 ஆகஸ்டில் பிரதமர் வானொலி உரையில் ராஜபாளையம், கன்னி, சிப்பிப்பாறை, கோம்பை பெயர்களைச் சொன்னார். கர்னாலில் உள்ள தேசிய விலங்கு மரபு வளப் பணியகம் ராஜபாளையத்தையும் சிப்பிப்பாறையையும் முறையான இனங்களாகப் பதிவு செய்திருக்கிறது. அதன் பிறகு அண்ணனுக்கு வரும் அழைப்புகள் கூடிவிட்டன. நான் இருந்தபோதே ஒன்று வந்தது. ஒலிபெருக்கியில் போட்டார். எதிர்முனையில் இருந்தவர் கேட்டது மூன்றே கேள்விகள்: சுத்த வெள்ளையா, மூக்கு ரோஸாக இருக்கிறதா, எங்காவது புள்ளி உண்டா.

“ஒரு காதுல சந்தனக் கலர் திட்டு இருக்குண்ணே” என்றார் இவர். இணைப்பு துண்டிக்கப்பட்டது.

வீட்டுக்குப் பின்னால், ஓடு வேய்ந்த சாய்ப்பில்தான் உண்மையான வேலை நடக்கிறது. அதைச் செய்பவர் அவர் மனைவி. குட்டி ஈனும் பொட்டை நாய்க்குச் செங்கல் அடுக்கி, சாக்கு விரித்து இடம் செய்திருந்தார். இணை சேர்ந்த நாளிலிருந்து ஏறத்தாழ 63 நாள். “நாளெல்லாம் எண்ண வேணாம். சோத்த மோந்து பாத்துட்டு மூஞ்சியத் திருப்பிக்கிட்டு மண்ணப் பறிச்சா, அன்னைக்கு ராத்திரி நமக்குத் தூக்கமில்ல” என்றார் அந்த அக்கா. பிறந்ததும் ஒவ்வொரு குட்டியையும் கையில் எடுத்து வாயைத் திறந்து மேல் அண்ணம் பிளந்திருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்க்கிறார். தொப்புளில் வீக்கம் இருக்கிறதா, கீழ்த்தாடை முன்னுக்கு வந்திருக்கிறதா என்று பார்க்கிறார். கழுத்தில் ஆளுக்கொரு நிற நூல் கட்டி, காய்கறித் தராசில் நிறுத்து, பள்ளிக்கூட நோட்டில் எழுதுகிறார். எடை ஏறாத குட்டியைத் தாயின் பின்காம்பில் கொண்டுபோய் வைக்கிறார். அங்கேதான் பால் அதிகம் என்பது அவர் கணக்கு.

சாய்ப்பின் மறுகோடியில் இன்னோர் ஈத்து. ராஜபாளையம்; ஆறு வாரக் குட்டிகள். வயிறு நிறையக் குடித்துவிட்டு ஒன்றின்மேல் ஒன்றாகத் தூங்கிக்கொண்டிருந்தன. அக்கா ஒரு குட்டியை மெதுவாகத் தூக்கித் தனியே சாக்கில் கிடத்தினார். பிறகு என்னைத் தள்ளி நிற்கச் சொன்னார். குட்டிக்குப் பின்புறமாக, கைக்கெட்டாத தூரத்தில் நின்று எவர்சில்வர் தட்டில் கரண்டியால் ஒரு தட்டு. அந்தப் பக்கம் குவியலாகக் கிடந்த குட்டிகள் தலை தூக்கின. காளைகூடத் திரும்பிப் பார்த்தது. சாக்கில் கிடந்தது மட்டும் அசையவில்லை. உடம்பில் ஒரு புள்ளியில்லாத, இளஞ்சிவப்பு மூக்குள்ள, படத்துக்கு என்றே பிறந்தது போன்ற குட்டி. போனில் பேசியவர் கேட்டது இதைத்தான்.

“கிட்டக்கப் போயி தட்டக் கூடாது. காத்து படும், தரை அதிரும், முழிச்சிக்கும். காது கேக்குதுன்னு நம்ம ஏமாந்துருவோம்” என்றார் அக்கா. தட்டைத் தட்டும் முன்பே அவருக்குச் சந்தேகம் இருந்ததாம். தாய் உள்ளே வரும்போது மற்றவை ஓடும். இது பக்கத்துக் குட்டி எழுந்த பிறகுதான் எழுமாம்.

இதற்கான காரணம் காதுக்குள்ளே இருக்கிறது. நிறமியை உண்டாக்கும் மெலனோசைட் செல்கள் தோலில் மட்டுமல்ல, உட்காதிலும் உண்டு. அங்கே அவை இருந்தால்தான் ஒலியை வாங்கும் மயிர்ச்செல்கள் உயிரோடிருக்கும். வெள்ளைக்கும் வெள்ளைக்கும் இணை சேர்த்து, அதிலும் வெளுத்ததையே பொறுக்கி எடுத்துக்கொண்டு போனால், ஒரு கட்டத்தில் நிறமிச் செல்கள் காதுவரை போய்ச் சேருவதில்லை. பிறந்த 3, 4 வாரத்தில் மயிர்ச்செல்கள் அழிகின்றன. அழிந்தவை திரும்ப முளைப்பதில்லை. எல்லா வெள்ளை நாய்க்கும் இது நேர்வதில்லை. ஆனால் நிறமி குறையக் குறைய ஆபத்து கூடுகிறது. ரோஸ் மூக்கும் அதே நிறமிக் குறைவின் அடையாளம்தான். மே மாதப் புதுக்கோட்டை வெயிலில் அந்த மூக்கு வெந்து தோலுரிவதையும் அக்கா பார்த்திருக்கிறார்.

இரண்டு காதும் கேட்காத குட்டியையாவது கண்டுபிடித்துவிடலாம். ஒரு காது மட்டும் கேட்காதது தட்டுச் சத்தத்துக்கு எழுந்துவிடும். வளரும், ஓடும், பரிசும் வாங்கும். கடுவனாக ஊர் ஊராகப் போய்க் குறையையும் கொடுத்துவிட்டு வரும். அதைக் கண்டுபிடிக்க, தலையில் மின்முனை பொருத்தி மூளைத்தண்டின் எதிர்வினையை அளக்கும் சோதனை வேண்டும். கிராமத்து வளர்ப்பாளருக்கு எட்டுகிற காரியமில்லை. அதனால் அண்ணன் தனக்குத் தெரிந்த வழியில் போகிறார்: ஓர் ஈத்தில் ஒரு குட்டி செவிடு என்றாலும் அந்த ஜோடியை மறுபடி சேர்ப்பதில்லை. காதில் திட்டு உள்ள குட்டிகளில் சிலவற்றை விற்காமல் தாய்க்கென்று வைத்துக்கொள்கிறார்.

அவர் செய்வது சரி என்பதற்கு உலகின் மறுகோடியில் சான்று இருக்கிறது. கறுப்புப் புள்ளி டால்மேஷன் நாய்களும் அடிப்படையில் வெள்ளை நாய்களே. அமெரிக்காவில் சோதித்தபோது ஏறத்தாழ 30 சதவீத நாய்களுக்கு ஒரு காதோ இரண்டு காதுமோ கேட்கவில்லை. பிறக்கும்போதே பெரிய நிறத்திட்டு உள்ள டால்மேஷன் குட்டிகளில் இந்தக் குறை குறைவு. ஆனால் கண்காட்சி விதிகள் ஒதுக்குவது அந்தத் திட்டைத்தான். எதை அழகுக்குக் குறை என்று கழித்தார்களோ, அதில்தான் காது இருந்தது.

காதோடு நிற்கவில்லை. சப்பை மூக்குக்காகத் தேர்ந்தெடுத்த புல்டாக், பக் நாய்களுக்கு மூச்சே போராட்டம். சிறிய மண்டையோட்டுக்குள் மூளை நெருக்குண்டு வேதனைப்படும் கேவலியர் ஸ்பானியல்களை இனப்பெருக்கம் செய்வது விலங்கு நலச் சட்டத்துக்கு விரோதம் என்று நார்வே உச்ச நீதிமன்றம் 2023இல் தீர்ப்பளித்தது. நம் பக்கத்தில், 2024இல் தமிழக அரசு வெளியிட்ட நாய் இனப்பெருக்கக் கொள்கை, பக், பிரெஞ்சு புல்டாக், சைபீரியன் ஹஸ்கி, செயின்ட் பெர்னார்ட் உள்ளிட்ட 11 வெளிநாட்டு இனங்களை இந்த வெப்பத்துக்கு ஒவ்வாதவை என்று பட்டியலிட்டது. வளர்ப்பாளர்கள் எதிர்ப்புத் தெரிவித்தார்கள். பட்டியலைப் படிக்கும் நமக்கு ஒரு நிம்மதி வருகிறது: நம்முடையது நாட்டு நாய், அதற்கு ஒன்றும் வராது. எனக்கு அந்த நிம்மதி இல்லை. நாட்டு நாய் திடமாக இருந்தது நாட்டு நாய் என்பதால் அல்ல, வேலை வாங்கப்பட்டதால். வேலையை எடுத்துவிட்டு அழகை மட்டும் வைத்தால் அதுவும் பக் போன பாதையில்தான் போகும்.

அறிகுறிகள் தெரிகின்றன. சிப்பிப்பாறையில் முதுகு எவ்வளவு வளைகிறதோ, வயிறு எவ்வளவு ஒட்டுகிறதோ அவ்வளவு விலை. “பட்டினி போட்டுப் படம் எடுக்குற ஆளும் இருக்கான் தம்பி” என்றார் அண்ணன். அதைவிட அவர் அஞ்சுவது உறவுக்குள் சேர்ப்பதற்கு. படத்தில் புகழ்பெற்ற கடுவன் ஒன்று இருந்தால் சுற்றுவட்டாரத்துப் பொட்டைகளெல்லாம் அதனிடமே போகின்றன. இரண்டு தலைமுறையில் எந்த நாயை எடுத்தாலும் அதன் பேரனாகவோ பேத்தியாகவோ இருக்கிறது. கூடப்பிறந்தவற்றைச் சேர்த்தால், பிறக்கும் குட்டியின் மரபணு இடங்களில் சராசரியாக 25 சதவீதத்தில் ஒரே மூதாதையின் நகல் இரண்டு பக்கமிருந்தும் வந்து நிற்கும். தாத்தாவுக்கும் பேத்திக்கும் சேர்த்தால் 12.5 சதவீதம். ஒளிந்திருக்கும் குறை வெளியே வருவது இப்படித்தான். சிலர் ‘லைன் கெட்டுப்போகும்’ என்று வெளி ரத்தத்தைத் தொடவே மாட்டார்கள். டால்மேஷன்களில் சிறுநீர்க் கல் நோய்க்கான மரபுக் குறை இனம் முழுக்கப் பரவியிருந்தது. 1973இல் அமெரிக்காவில் ஒரேயொரு பாயின்டர் நாயோடு சேர்த்துத்தான் அதை நீக்க முடிந்தது. அந்த வழிவந்த நாய்களை அமெரிக்கன் கென்னல் கிளப் ஏற்றுக்கொள்ள 2011 ஆயிற்று. ரத்தச் சுத்தம் பேசியே இத்தனை ஆண்டுகளைக் கழித்தார்கள்.

சட்டம் ஓரளவு சொல்கிறது. 2017ஆம் ஆண்டின் மத்திய அரசு விதிகளின்படி நாய் வளர்த்து விற்பவர் மாநில விலங்கு நல வாரியத்தில் பதிவு செய்ய வேண்டும். பொட்டைக்கு 18 மாதம் நிரம்பியிருக்க வேண்டும், வாழ்நாளில் 5 ஈத்துக்கு மேல் கூடாது, 8 வாரத்துக்குக் குறைந்த குட்டியை விற்கக் கூடாது. கடைசி விதியின் அருமை எனக்கு அந்தச் சாய்ப்பில்தான் புரிந்தது. பலர் 30 நாளிலேயே குட்டியைக் கைமாற்றிவிடுகிறார்கள். காது போனது வெளியே தெரியும் முன்பே குட்டி பேருந்து ஏறிவிடுகிறது. வாங்கியவர் ‘கூப்பிட்டா வர மாட்டேங்குது, திமிரு பிடிச்சது’ என்று அடிக்கிறார். ஒருநாள் வண்டிச் சத்தம் கேட்காமல் சாலையில் போய்ச் சேர்கிறது.

“இந்தக் குட்டிய என்ன செய்வீங்க அண்ணே?” என்று கேட்டேன்.

“இங்கனயே கெடக்கும். பெருசானதும் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயி கருத்தடை பண்ணிருவேன். வித்தா இன்னைக்குக் காசு. நாளைக்கு இதுக்கும் குட்டி எடுப்பான்.” கொஞ்சம் நிறுத்திவிட்டுச் சொன்னார்: “சேக்குறது எல்லாருக்கும் தெரியும் தம்பி. சேக்காம விடத் தெரியணும்.”

அதற்கு அவர் கொடுக்கும் விலையை அக்காவின் நோட்டைப் புரட்டினால் காணலாம். ஆண்டுக்கு ஓர் ஈத்தை விட்டுக்கொடுக்கிறார். செவிட்டுக் குட்டிக்கு ஆயுள் முழுதும் சோறு போடுகிறார். தடுப்பூசி, குடற்புழு மருந்து, முட்டை, கேப்பை எல்லாம் போட்டு எட்டு வாரம் வளர்த்துத் திட்டு உள்ள குட்டியைக் குறைந்த விலைக்குத் தருகிறார். பக்கத்து ஊரில் ஒன்றும் பார்க்காமல் முப்பது நாளில் விற்பவருக்கு இவரைவிட நல்ல வரும்படி. விதிகளை எத்தனை எழுதினாலும் இந்தக் கணக்கு மாறாதவரை பொறுப்பான வளர்ப்பு ஒரு தனிமனிதப் பிடிவாதமாகவே இருக்கும்.

கணக்கை மாற்றக்கூடியவர் வாங்குபவர். நாட்டு நாய் வாங்கப் போகிறவர் நிறம் கேட்பதற்கு முன் கேட்க வேண்டியவை சில உண்டு. தாயை நேரில் பார்க்கலாமா? அதற்கு இது எத்தனையாவது ஈத்து? கடுவன் அதற்கு என்ன உறவு? இதற்கு முந்தைய ஈத்துகளில் செவிட்டுக் குட்டி பிறந்ததா? எட்டு வாரம் முடிந்ததா, குட்டிக்குப் பின்னால் நான் ஒருமுறை தட்டைத் தட்டிப் பார்க்கலாமா? இவற்றுக்கு முகம் சுளிப்பவரிடம் வாங்க வேண்டாம். நோட்டை எடுத்து நீட்டுகிறவரிடம், புள்ளி போட்ட குட்டியாகவே இருந்தாலும், பேரம் பேசாமல் வாங்கலாம்.