தூங்காத பெட்டி

மாமியாரைக் குறை சொல்லி எழுதுவது சுலபம். நான் என்னைப் பற்றித்தான் எழுத வேண்டியிருக்கிறது.

2023 மே மாதம். அக்னி நட்சத்திரம் கொளுத்திக்கொண்டிருந்தது. கொட்டிவாக்கத்தில் எங்கள் வீட்டிலிருந்து கடற்கரை பத்து நிமிட நடைதான். ஆனாலும் கடல் காற்று வந்து சேருவதற்குள் பொழுது சாய்ந்துவிடும். அதுவரை வெந்துகொண்டு கிடக்க வேண்டியதுதான். அந்த நேரம் பார்த்து ஈ.பி. ரீடிங் எடுக்க வந்தவர் அட்டையில் குறித்துக் கொடுத்துவிட்டுப் போனார். 509 யூனிட். 2,022 ரூபாய்.

அதற்கு முன் நாங்கள் 500-ஐத் தாண்டியதே இல்லை. தாண்டினால் என்ன என்று கேட்கிறீர்களா? 2022 செப்டம்பரில் மாற்றிய கட்டணத்தில்தான் இருக்கிறது சூட்சுமம். முதல் 100 யூனிட் எல்லோருக்கும் இலவசம். மொத்தம் 500-க்குள் நின்றால் அடுத்த 100 யூனிட்டுக்கு, யூனிட் 2 ரூபாய் 25 காசு. ஒரே ஒரு யூனிட் தாண்டினாலும் அதே 100 யூனிட்டுக்கு நாலரை ரூபாய் கணக்கு. தாண்டிய யூனிட்டுக்கோ எட்டு ரூபாய்! 500-ல் நின்றிருந்தால் 1,725 ரூபாயோடு போயிருக்கும். ஒன்பது யூனிட்டுக்காக 297 ரூபாய் அதிகம். எங்கள் வீட்டுக்கு ஒரு வாரப் பால் காசு அது. (அதற்குப் பிறகு விகிதங்கள் மாறியிருக்கின்றன. உங்கள் பில்லைப் பார்த்துக் கணக்குப் போடுங்கள்.)

எனக்கு வந்த கோபத்துக்கு ஓர் ஆள் தேவைப்பட்டது. "பகல் பூரா ஃபேனைச் சுத்த விட்டா பில் ஏறாம என்ன செய்யும்?" என்று பாத்திரங்களோடு பேசுவதுபோல் சமையலறையில் பேசினேன். கூடத்தில் அத்தை இருக்கிறார் என்று தெரிந்துதான் பேசினேன்.

இரண்டு நாள் கழித்து, மத்தியானம் இரண்டு மணிக்கு வெளியே போய்விட்டு வருகிறேன். அத்தை மாடிப்படியில் உட்கார்ந்து முந்தானையால் விசிறிக்கொண்டிருக்கிறார். எழுபத்திரண்டு வயது.

"என்ன அத்தை, இங்கே வந்து உட்கார்ந்திருக்கீங்க?"

"இங்கே நிழலா இருக்கும்மா. உள்ளே எதுக்கு வீணா ஓடணும்?"

முகத்தில் கோபமோ குத்தலோ இல்லை. அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

மறுநாள் காலை டி.வி. ஸ்டாண்டைத் துடைத்துக்கொண்டிருந்தேன். எங்கள் பக்கம் உப்புக் காற்றில் தூசிகூட ஈரமாய் ஒட்டிக்கொள்ளும், தினம் துடைக்க வேண்டும். செட்டாப் பாக்ஸைத் தூக்கினால், சூடு! ராத்திரி பத்தரை மணிக்கு ரிமோட்டில் அணைத்த பெட்டி, விடியற்காலை ஆறு மணிக்கு இட்லித் தட்டு மாதிரி வெதுவெதுவென்று இருக்கிறது. மின்சாரம் தின்னாமல் சூடு ஏது?

பெரியவன் பிளஸ் டூ முடித்துவிட்டுச் சும்மா இருந்தான். அவனிடம் சொன்னேன். "மீட்டரையே கேட்டுடலாம்மா" என்றான். மின்னணு மீட்டரில் ஒரு சிவப்புப் புள்ளி சிமிட்டிக்கொண்டே இருக்கும், பார்த்திருப்பீர்கள். எங்கள் மீட்டரில் அதன் அருகே 3200 என்று அச்சிட்டிருக்கிறது. அதாவது 3,200 தடவை சிமிட்டினால் ஒரு யூனிட்.

விளக்கு, ஃபேன் எல்லாவற்றையும் நிறுத்தினோம். ஃபிரிட்ஜையும் முக்கால் மணி நேரத்துக்கு நிறுத்தி வைத்தோம். கதவைத் திறக்காமல் இருந்தால் அதற்குள் எதுவும் கெடாது. ரிமோட்டில் அணைத்தவை மட்டும் சுவரில் அப்படியே. அவன் கீழே மீட்டர் பெட்டி முன்னால், நான் மேலே கைபேசியோடு. யாரும் எதுவும் உபயோகிக்காத வீட்டில் பத்து நிமிடத்தில் 16 சிமிட்டல்! செட்டாப் பாக்ஸை சுவிட்சில் நிறுத்தினேன், பத்தாகக் குறைந்தது. ஏ.சி.யின் ஸ்டெபிலைசரை நிறுத்தினேன், ஆறு. வைஃபை பெட்டியை நிறுத்தினேன், இரண்டு. அந்த இரண்டு மைக்ரோவேவ் அடுப்பின் கடிகாரமும், டி.வி.யும், வாஷிங் மெஷினும் சேர்ந்து தின்பது.

எங்கள் மீட்டரில் பத்து நிமிடத்துக்கு ஒரு சிமிட்டல் என்றால் கிட்டத்தட்ட இரண்டு வாட். செட்டாப் பாக்ஸ் 11 வாட். நாங்கள் டி.வி. பார்ப்பது ஆறு மணி நேரம். மீதிப் பதினெட்டு மணி நேரமும் அது சும்மா உட்கார்ந்து தின்றது இரண்டு மாதத்தில் ஏறக்குறைய 12 யூனிட். எங்களை 500-க்கு மேலே தூக்கிவிட்டது ஒன்பது யூனிட்தானே!

கையோடு அத்தையின் ஃபேனுக்கும் கணக்குப் போட்டேன். பழைய ஃபேன், 75 வாட். மத்தியானம் மூன்று மணி நேரம், அறுபது நாள். பதின்மூன்றரை யூனிட். ஒரு மனுஷி வெயிலில் கண்ணயர்வதற்கு ஆகிற மின்சாரமும், ஆளில்லாத கூடத்தில் ஒரு பெட்டி விழித்திருப்பதற்கு ஆகிற மின்சாரமும் அநேகமாக ஒன்று.

சென்னையில் டி.வி. நிலையம் 1975 ஆகஸ்ட் 15-ல் தொடங்கியது. அந்தக் காலத்துப் பெட்டிகளில் குமிழைத் திருகினால் 'டக்'கென்று ஒரு சத்தம், அதோடு மின்சாரம் நின்றது. ரிமோட் வந்தபின் பெட்டி நம் விரலுக்காகக் காதைத் தீட்டிக்கொண்டு காத்திருக்க வேண்டியதாயிற்று. இப்படிக் காத்திருக்கும் எந்தக் கருவியும் ஒரு வாட்டுக்கு மேல் எடுக்கக் கூடாது என்று சர்வதேச எரிசக்தி முகமை 1999-லேயே யோசனை சொன்னது. இப்போதைய நல்ல டி.வி.க்கள் பெரும்பாலும் அந்த அளவுக்குள் அடங்கிவிட்டன. செட்டாப் பாக்ஸ் வெறுமனே காத்திருப்பதில்லை. அணைத்துவிட்டதாக நாம் நினைத்த பிறகும் உள்ளே வேலை நடந்துகொண்டிருக்கிறது. ஒரு வாட் இரவு பகலாக ஓடினால் இரண்டு மாதத்தில் ஒன்றரை யூனிட். இந்த ஒரு கணக்கை மனசில் வைத்துக்கொண்டால் போதும்.

குழந்தைகளை நாம் சதா திட்டுகிற மொபைல் சார்ஜர், நல்லதாக இருந்தால், இரண்டு மாதத்துக்கு அரை யூனிட்கூடச் சாப்பிடாது. ஆனாலும் தவழும் குழந்தை இருக்கிற வீட்டில் அதைத் தொங்கவிடாதீர்கள். முனையை வாயில் வைத்துக்கொள்ளும்.

எங்கள் டி.வி. சுவிட்ச், ஷோகேஸுக்குப் பின்னால் கை எட்டாத இடத்தில் இருந்தது. எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு முன்பக்கம் தனி சுவிட்ச் வைத்தோம். பழைய பிளக்கின் கால்களெல்லாம் உப்புக் காற்றில் பச்சை பூத்திருந்ததால் அதையும் மாற்றினார். "தினம் அணைச்சா பாக்ஸ் கெட்டுப்போயிடும்" என்று இவர் முனகினார். இதுவரை கெடவில்லை. திரும்ப உயிர் வர இரண்டு நிமிடம் ஆகிறது, அவ்வளவுதான். ஏ.சி.யை மட்டும் முதலில் ரிமோட்டில் நிறுத்தி, சற்றுப் பொறுத்து, அப்புறம் ஸ்டெபிலைசரை அணைக்கிறோம்.

அத்தையிடம் நான் மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை. கணக்கெழுதிய காகிதத்தை எடுத்துக்கொண்டு போய்க் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நிதானமாகப் படித்தார்.

"அப்ப, என் ஃபேன் இல்லையா?"

"இல்லை அத்தை. நீங்க உள்ளே வந்து படுங்க."

இப்போது அந்த சுவிட்ச் அத்தையின் பொறுப்பு. சாயங்காலம் விளக்கேற்றும்போதே போட்டுவிடுவார். சாமி கும்பிட்டுவிட்டு வருவதற்குள் பெட்டி விழித்துக்கொள்ளும், சீரியலுக்குச் சரியாக இருக்கும். ராத்திரி எல்லோரும் படுத்தபின் ஒரு சுற்று வந்து அணைப்பவரும் அவர்தான்.

ஜூலையில் ரீடிங் எடுத்தபோது அட்டையை அத்தையே வாங்கிப் பார்த்தார். 471.

"ஐந்நூறுக்கு இன்னும் இருபத்தொன்பது இருக்கே" என்றவர், எழுந்து போய் ஃபேனை மூன்றிலிருந்து நான்குக்குத் திருப்பிவிட்டு வந்து படுத்தார்.