காசி யாத்திரை: புள்ளியா, பணமா?

கோயிலில் காணிக்கை செலுத்தும் பெட்டியை உண்டியல் என்கிறோம். வணிக வழக்கில் அச்சொல்லுக்கு வேறொரு பொருளும் உண்டு. ஓர் ஊரில் பணத்தைச் செலுத்தி, வேறோர் ஊரில் அதைப் பெற்றுக்கொள்ள உதவிய சீட்டும் உண்டியலே. தொலைதூரம் சென்றோர் கள்வர் அச்சமின்றிப் பயணம் செய்ய அது துணை நின்றது. இன்று காசிக்கு விமானத்தில் செல்லும் அன்பர்கள் பலரிடம் அத்தகைய உண்டியல் ஒன்று இருக்கிறது. கிரெடிட் கார்டில் சேரும் ரிவார்டு பாயின்ட் என்னும் வெகுமதிப் புள்ளிகளே அது. ஆனால் பழைய உண்டியலில் தொகை எழுதப்பட்டிருக்கும், புள்ளியில் எழுதப்படுவதில்லை. அதன் மதிப்பை நாமே கணக்கிட்டு அறிய வேண்டும்.

சென்னையிலிருந்து காசிக்கு ரயிலில் செல்ல ஒன்றரை நாளுக்கு மேலாகும். நேர் விமானத்தில் சுமார் இரண்டரை மணி நேரம்தான். 82 வயதான என் தாயாருக்கு விசுவநாதரைத் தரிசிக்க வேண்டும் என்பது நெடுநாள் விருப்பம். தாயார், மனைவி, நான் என மூவர் மகா சிவராத்திரியை ஒட்டிச் செல்லத் திட்டமிட்டோம். கையில் 40,000 புள்ளிகள் இருந்தன.

ஒருவருக்குப் போகவர விமானக் கட்டணம் 14,000 ரூபாய். புள்ளியில் எடுத்தால் 20,000 புள்ளிகள். அதற்கு மேல் வரிகளுக்காக 2,400 ரூபாய் ரொக்கம். புள்ளிச் சீட்டு இலவசம் என்று எண்ணுவோர் இந்த வரியை மறந்துவிடுகின்றனர். 14,000-இல் 2,400-ஐக் கழித்து, மீதி 11,600-ஐ 20,000 புள்ளிகளால் வகுத்தால் ஒரு புள்ளிக்கு 58 பைசா. அதே புள்ளிகளைக் கார்டு நிலுவையில் கழித்துக்கொண்டால் எனக்குக் கிடைப்பது 25 பைசா. ஆகவே புள்ளியே மேல் என்று தோன்றும்.

ஆயினும் போவதையும் வருவதையும் பிரித்துப் பார்த்தபோது வேறு உண்மை தெரிந்தது. சிவராத்திரிக்கு முன் செல்லும் விமானத்திற்குக் கட்டணம் 9,000, திரும்புவதற்கு 5,000. புள்ளியோ இரு வழிக்கும் தலா 10,000; வரி தலா 1,200. போகும் வழியில் ஒரு புள்ளி 78 பைசா பெறுகிறது. வரும் வழியில் 38 பைசாதான். திதிக்கும் திருவிழாவுக்கும் செல்வோர் நாளை மாற்ற இயலாது. அந்நாட்களில் கட்டணம் உயர, புள்ளி உயராதிருந்தால், புள்ளிக்கு அதுவே உற்ற காலம். கட்டணத்தோடு புள்ளியையும் உயர்த்தும் நிறுவனங்களில் இந்த ஆதாயம் இராது.

40,000 புள்ளிகளுக்கு இருவர் போய்வரலாம். மூன்றாமவர் தனிச் சீட்டில் வர வேண்டும். ஒரு குடும்பம் இரண்டு முன்பதிவுகளில் பிரிந்தால், விமானம் ரத்தாகும்போது மாற்று ஏற்பாடும் தனித்தனியாக அமையக்கூடும். சக்கர நாற்காலியில் செல்லும் முதியவரை அந்நிலைக்கு ஆளாக்கலாகாது. எனவே மூவருக்கும் போகும் பயணத்தை 30,000 புள்ளிகளிலும், திரும்பும் பயணத்தை 15,000 ரூபாய் ரொக்கத்திலும் எடுத்தேன். இரு வழியிலும் மூவரும் ஒரே முன்பதிவில் இருந்தோம்.

இன்னும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பங்காளி வீட்டில் தீட்டு நேர்ந்தால் யாத்திரை தள்ளிப்போகும். ரத்து செய்தால் புள்ளிகள் திரும்புமா, எவ்வளவு கட்டணம் பிடிப்பார்கள், அதற்குள் காலாவதியான புள்ளிகள் என்னவாகும் என்பவற்றை முன்பே படித்தறிவது நலம். புள்ளிக்காகவே செலவு செய்து, கார்டு நிலுவையை மறுமாதத்திற்குத் தள்ளுவதோ கூடவே கூடாது. மாதம் 3 விழுக்காட்டுக்கும் மேல் வட்டி கேட்கும் கார்டுகள் உள்ளன. புள்ளி தரும் ஆதாயம் அதற்கு ஈடாகாது. கடன்பட்டுத் தீர்த்த யாத்திரை செல்லலாகாது என்று பெரியோர் சொன்னது கார்டுக்கும் பொருந்தும்.

பாபத்பூர் விமான நிலையத்திலிருந்து காசி நகரம் சுமார் 25 கிலோமீட்டர். தாயார் களைப்பின்றி இறங்கினார். 2021 டிசம்பரில் திறக்கப்பட்ட விசுவநாதர் ஆலய வளாகத்தின் அகன்ற பாதை, முன்பிருந்த குறுகிய சந்துகளில் நடக்க அஞ்சும் முதியோர்க்குப் பேருதவி. நாட்டுக்கோட்டை நகரத்தார் சத்திரத்திலிருந்து "சம்போ" முழக்கத்துடன் விசுவநாதர் பூஜைக்குரிய பொருள்கள் செல்வதைக் கண்டு அவர் கைகூப்பி நின்றார். விசாலாட்சி அம்மன் சன்னிதியில் தமிழ்க் குரல்கள் கேட்டதும் நம் ஊர்க் கோயிலுக்கு வந்ததுபோல் இருக்கிறது என்றார். குமரகுருபரரின் மடம் அமைந்த கேதார கட்டத்தில் படிகள் செங்குத்தானவை. நாங்கள் இருபுறமும் தாங்கிக்கொள்ள, மெல்ல இறங்கிக் கங்கையைத் தலையில் தெளித்துக்கொண்டார். இரண்டு ஆண்டுகள் கழித்து வந்திருந்தால் அப்படிகளில் அவரால் இறங்க இயன்றிராது.

இன்னும் சிறிது புள்ளி சேரட்டும் என்று யாத்திரையைத் தள்ளிப்போடும் குடும்பங்களை நான் அறிவேன். வங்கி வைப்புத்தொகை வட்டி ஈட்டும். புள்ளிக்கு வட்டி இல்லை. ஒரே அறிவிப்பில் அதன் மதிப்பு குறையவும் கூடும். வீட்டில் வயது முதிர்ந்த பெற்றோர் இருந்தால், முதலில் அவர்கள் உடல்நிலைக்கேற்ற நாளைக் குறியுங்கள். பிறகு ஒரு காகிதத்தில் இந்தக் கழித்தலையும் வகுத்தலையும் செய்யுங்கள். புள்ளி போதாவிட்டால், இயன்றவரை கைப்பணத்தைச் சேர்த்தாவது அந்த நாளிலேயே புறப்படுங்கள்.