செல்லூரில் ஒரு வீடு பார்த்தோம்

வைகைக்கு வடகரையில் இருக்கிறது எங்கள் செல்லூர். நான் இங்கே வாக்கப்பட்டு வந்து இருபத்திரண்டு வருஷமாகிறது. ஒரு காலத்தில் தெருவுக்குத் தெரு கைத்தறி. பிறகு விசைத்தறி வந்தது. இன்னமும் சில சந்துகளில் தறிச் சத்தம் கேட்கும். திருவாப்புடையார் கோயிலுக்குப் போய் வரும்போது, ‘வீடு விற்பனைக்கு’ என்ற போர்டைப் பார்த்துவிட்டுத் தம்பிக்குச் சொன்னதே நான்தான். நாளைக்கு ஒன்று என்றால் என் தலைதானே உருளும்!

தம்பி பத்து வருஷமாக வாடகை வீட்டில் இருக்கிறான். பெண்டாட்டி நகை, பி.எஃப். பணம், மிச்சத்துக்கு பாங்க் லோன் என்று கணக்குப் போட்டு வந்தான். வீடு பளிச்சென்று இருந்தது. புதுப் பெயிண்ட் வாசனை கூடப் போகவில்லை. சமையலறை ஜன்னல் கிழக்கே பார்த்தது. “மதினி, அடுப்பு மேல வெயில் விழுது பாருங்க!” என்று தம்பி பெண்டாட்டி அங்கேயே நின்றுவிட்டாள். மேலே ஒரு மாடி எடுத்து அம்மாவைக் கூட்டி வந்துவிடலாம் என்பது தம்பியின் திட்டம்.

மூலப்பத்திரம், பட்டா, முப்பது வருஷ வில்லங்கம் எல்லாம் வக்கீலிடம் காட்டியாயிற்று. மறுநாள் அட்வான்ஸ். எனக்குத்தான் மனசு கேட்கவில்லை. “பத்திரத்தைப் பார்க்க ஆள் வச்சோம், சுவரைப் பார்க்க வேண்டாமா?” என்றேன்.

என் வீட்டுக்காரர் சிரித்தார். “லோன் குடுக்கிற பாங்குல இருந்தே ஆள் வருவாங்களே, நாம எதுக்குத் தண்டம் அழணும்?”

அவர் வருவது பெரும்பாலும் நாம் அட்வான்ஸ் கொடுத்த பிறகு. கொடுக்கிற கடனுக்கு வீடு பெறுமா என்றுதான் முக்கியமாகப் பார்ப்பார். குழாயைத் திறந்து பார்ப்பது அவர் வேலையில்லை. அமெரிக்காவில் வீடு வாங்குகிறவர்கள் இதற்கென்றே தனியாக ஆள் வைத்துப் பார்ப்பது சகஜம். அந்த ஆட்களுக்கு 1976-லேயே ஒரு சங்கம் வந்துவிட்டது. நம் பெரிய நகரங்களிலும் இப்போது அப்படிக் கம்பெனிகள் உண்டு. எங்களுக்குக் கிடைத்தவர் ஓய்வுபெற்ற ஒரு சிவில் இன்ஜினியர். மூவாயிரம் ரூபாய் கேட்டார்.

மனுஷர் ஒரு ஐந்து ரூபாய் நாணயத்தால் சுவரைத் தட்டிக்கொண்டே வந்தார். ‘டொக் டொக்’ என்று வந்த சத்தம் சில இடத்தில் ‘டொப்’ என்றது. அங்கே பூச்சு சுவரை விட்டுக் கழன்று நிற்கிறதாம். மயிரிழை போன்ற வெடிப்பைக் கண்டுகொள்ளவில்லை. ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாக ஓடிய வெடிப்பில் மட்டும் விரலை வைத்துப் பார்த்தார். பரண் மேலே டார்ச் அடித்தபோது சீலிங்கில் பழுப்புக் கறை. உள்ளே கம்பி துருப்பிடித்ததன் அடையாளம் அது என்றார். பெயிண்ட் அடித்தவர்களுக்குப் பரண் நினைவில்லை போலிருக்கிறது! எல்லாக் குழாயையும் ஒரே சமயத்தில் திறக்கச் சொன்னார், சாக்கடை மூடியைத் தூக்கச் சொன்னார், எர்த் சரியாக இருக்கிறதா என்று சோதித்தார்.

கடைசியில் ஹாலுக்கு வந்து, “ஏம்மா, ஹால்ல இடுப்பளவுக்கு எதுக்கு டைல்ஸ்?” என்றார்.

நாங்கள் அழகுக்கு என்று நினைத்திருந்தோம். அவர் பக்கத்து வீட்டு அம்மாவிடம் பேச்சுக் கொடுத்தார். 2024 அக்டோபர் 25-ந் தேதி மதுரையில் கொட்டிய மழையில் பந்தல்குடி வாய்க்கால் பொங்கியதே, அன்றைக்கு அந்த வீட்டு ஹாலுக்குள் முட்டளவு தண்ணீராம். செல்லூர் கண்மாயில் பெருகும் தண்ணீர் அந்த வாய்க்கால் வழியாகத்தான் வைகைக்குப் போக வேண்டும். அதற்குப் பிறகு கண்மாய்த் தண்ணீரை ஆற்றில் சேர்க்க சிமெண்ட் கால்வாய் கட்ட அரசு பணம் ஒதுக்கியதும் ஊரறிந்த விஷயம். எங்கள் தெரு மேடு. அதனால் இத்தனை வருஷம் இங்கே இருந்தும் எனக்கு அந்த யோசனையே வரவில்லை பாருங்கள்! டைல்ஸுக்குப் பின்னால் சுவர் ஈரம் குடித்து உப்புப் பூத்திருந்தது. ஒரு மூலையில் டைல்ஸ் தானாகவே கையோடு வந்தது.

“அஸ்திவாரம் கீழ்த்தளத்துக்கு மட்டும் போட்டது. மேலே மாடி ஏத்தாதீங்க தம்பி” என்று அவர் சொன்னதும் தம்பி முகம் வாடிவிட்டது.

கட்டுமானக் கம்பெனியிடம் புதிதாக ஃபிளாட் வாங்கினால் 2016-ஆம் வருஷத்து ரியல் எஸ்டேட் சட்டப்படி, ஒப்படைத்த ஐந்து வருஷத்துக்குள் கட்டுமானக் குறை தெரிந்தால் அவர்களே செலவில்லாமல் சரிசெய்து தர வேண்டும். தனி ஆளிடம் பழைய வீடு வாங்குகிறவர்களுக்கு அந்தப் பிடி கிடையாது. வாங்கிய பிறகு வரும் செலவு நம் தலையில்தான்.

வீட்டை விட்டுவிட்டோம். தம்பி பெண்டாட்டி இரண்டு நாள் என்னோடு சரியாகப் பேசவில்லை. கிழக்கு ஜன்னல் கண்ணுக்குள்ளேயே நிற்கும் அல்லவா! என் வீட்டுக்காரர் மூவாயிரத்தைப் பற்றி அப்புறம் வாயே திறக்கவில்லை.

வருகிற ஞாயிறு குலமங்கலம் ரோட்டுப் பக்கம் ஒரு வீடு பார்க்கப் போகிறோம். “மழைத்தண்ணி எந்தப் பக்கம் ஓடும்னு முதல்ல கேக்கணும் மதினி” என்று நேற்று அவளே போன் செய்தாள். ஐந்து ரூபாய் நாணயம் ஒன்றையும் பர்ஸில் எடுத்து வைத்திருக்கிறாளாம்.